குற்றாலத்தில் ஒரு ராத்திரி

எங்க ஊரிலிருந்து குற்றாலம் பைக்கில் கால் மணி நேரம். குளிச்சமா வந்தமான்னு இருக்கிறவன் நான். இந்த ஆனியில் சென்னையிலிருந்து வந்த மாப்பிள்ளை, "ஒரு நாளாவது எங்ககூட தங்குங்க மாமா"ன்னு கூட்டிட்டுப் போயிட்டாரு. பெரிய அறை, பால்கனியில் நின்னா மலை. (சாரல்ல ஏசி எதுக்கோ!) சீசன் வாடகை எவ்வளவுன்னு மகள் காதோட சொன்னா. ஒரு ஏக்கர் நடவுக் கூலி.

கூட்டம் குறைஞ்சதும் லைட் வெளிச்சத்துல பேரருவியில் குளிக்கலாம்னு திட்டம். பார்டர் பரோட்டாவை முடிச்சுட்டுப் போனா, தண்ணி ஆர்ச்சைத் தாண்டி விழுது. போலீஸ் யாரையும் விடல. பேரன் அழுதான். "இவ்வளவு செலவு பண்ணி..."ன்னு மாப்பிள்ளை முகம் வாடிட்டு.

எனக்கோ உள்ளுக்குள்ள சந்தோஷம். வெளியே காட்ட முடியுமா? அந்தத் தண்ணி சிற்றாத்துல இறங்கி, கால்வாய் வழியா எங்க குளத்துக்கு வரணும். கார் சாகுபடிக்குப் பாவின நாத்து முத்திக்கிட்டு இருந்தது, நடத் தண்ணியில்ல. மெத்தையில் தூக்கம் வரல. பால்கனிக் கதவைத் திறந்து வச்சு இரைச்சலைக் கேட்டுக்கிட்டே கிடந்தேன்.

விடியுமுன்ன சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

"கால்வாய்ல தண்ணி வந்துட்டு. நீ எங்கல கிடக்க?"ன்னாரு.

ஏசி ரூம்லன்னு சொல்ல வாய் வரல.