புத்தகத்துப் புழுவும் கத்தரிப் புழுவும்

மக வயித்துப் பேத்திக்கு அஞ்சு வயசு, திருப்பூர்ல இருக்கா. லீவுக்கு வந்தா துணிப்பை நிறையப் படப் புத்தகம் கொண்டுவருவா. ராத்திரி படிச்சுக் காட்டறது என் வேலை.

அதுல ஒண்ணு, எரிக் கார்லே என்கிற அமெரிக்கக்காரர் 1969ல போட்ட பசிக்கிற புழுக் கதை. புழு தின்ன இடத்துல தாளுலயே ஓட்டை போட்டிருக்கும். புள்ளைங்க விரலை விட்டுப் பாக்கறதுக்குத்தான். கெட்டிக்கார மனுசன். ஆனா அந்தப் புழு ஆப்பிள், பேரிக்காய், ஆரஞ்சுன்னு கண்டதையும் தின்னு, சனிக்கிழமை கேக்கு, ஐஸ்கிரீம் வரைக்கும் போயிடுது. கதைக்கு அது சரி.

இவ என்ன பண்ணினான்னா, எங்க கறிவேப்பிலையில இருந்த பச்சைப் புழுவுக்குக் கொய்யாத் துண்டு வெச்சுட்டு உக்காந்துட்டா. அது திரும்பிக்கூடப் பாக்கல.

"அப்புச்சி, இதுக்குப் பசிக்கலையா?"

"பசிக்குது கண்ணு. ஆனா கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, இந்தச் சாதி இலைதான் இதுக்குச் சோறு."

பக்கத்து இலையில குருவி எச்சம் மாதிரி ஒண்ணு கிடந்துச்சு. அதுவும் அதே புழுதான், சின்ன வயசுல அந்த வேசம். பெரிய புழுவைத் தொட்டா செவப்பா ரெண்டு கொம்பு நீட்டும், ஒரு வாடை அடிக்கும். தொட்டுப் பாத்துட்டு ஓடுனா பாருங்க!

புத்தகம் இல்லைன்னா அவ அந்தச் செடிகிட்டயே போயிருக்க மாட்டா. அதனால நான் புத்தகத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஒண்ணே ஒண்ணுதான். பொறிவண்டை எல்லாப் புத்தகத்துலயும் செவப்புல கருப்புப் பொட்டு வெச்சு அழகா வரைஞ்சிருக்காங்க. அதோட குஞ்சை வரையறவங்க கொஞ்சம். அது குட்டி முதலை மாதிரி அசிங்கமா இருக்கும், ஆனா தட்டப்பயிறுல அசுவினியைத் தின்னு தீர்க்கறதுல அதுவும் சளைச்சதில்ல. அதைப் பாத்துப் பயந்து மருந்தடிக்கிற பெரியவங்களே எங்க ஊர்ல இருக்காங்க. சின்னதுல படத்துல பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

கத்தரிக்காட்டுக்குக் கூட்டிட்டுப் போனப்பத்தான் சங்கடம். வாடின குருத்தைக் கிள்ளிப் பிளந்தேன். உள்ள இருந்த புழுவை நசுக்கினேன். புள்ளை முகம் சுண்டிப்போச்சு.

"அது பட்டாம்பூச்சி ஆகும்ல அப்புச்சி?"

"ஆகாது கண்ணு. வெள்ளையா ஒரு சின்ன அந்துப்பூச்சி ஆகும். அது முட்டை வெச்சா காயெல்லாம் ஓட்டை. சந்தையில எவனும் வாங்க மாட்டான்."

"புத்தகத்துல யாரும் கொல்லலையே?"

அந்தப் புத்தகத்துல காட்டுக்காரன் யாரும் இல்லைன்னு சொன்னேன். பொய் சொல்லிச் சமாளிக்க மனசு வரல. கறிவேப்பிலைப் புழுவை நான் தொடறதில்லைன்னும் சொன்னேன். அவ ஒண்ணும் பேசல.

மறுநாள் காலையில எனக்கு முந்தி காட்டுல நின்னா. வாடின குருத்தை ஒவ்வொண்ணா அவளே காட்டினா. நான் கிள்ளும்போது மட்டும் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா.