முன்சக்கரத்துக்குத்தான் முதல் கவனிப்பு

மவுண்டன் பைக்குக்கு டயர் மாத்துறவங்க ரெண்டையும் ஒரே மாதிரி வாங்கணும்னு அவசியமே இல்ல. பின் டயர் வழுக்கினா சமாளிச்சிடலாம். முன்னாடி வழுக்கினா நேரா தரைதான். என் தேர்வு: முன்னாடி மாக்ஸிஸ் மினியன் டிஎச்எஃப் 2.5 அங்குலம், பின்னாடி லேசா உருளுற ஆர்டென்ட் 2.25.

கோத்தகிரிப் பக்கம், மழை பேஞ்ச தேயிலைத் தோட்ட இறக்கத்துல சாய்ச்சுத் திருப்பும்போது நம்மளப் பிடிச்சு நிறுத்துறது டயர் ஓரத்து ரப்பர் பட்டன் வரிசைதான். பட்டன் நெருக்கமா இருந்தா செம்மண் அப்பிக்கிட்டு மொழுக்குன்னு ஆயிடும். டியூப்லெஸ்னா காத்தை 25 பிஎஸ்ஐ பக்கம் இறக்கலாம். வேர், பாறை மேல அருமையா ஒட்டும்.

அகல டயர் வாங்குறதுக்கு முன்னாடி ஃபிரேம்ல சேறு போக இடம் மிஞ்சுமான்னு விரல் விட்டுப் பாத்துடுங்க.