இருட்டில் மணி பார்ப்பது

மதுரையிலிருந்து தேனி ரோட்டில் போனால் நாகமலை பக்கத்திலேயே நீண்டு வந்துகொண்டிருக்கும். காமராசர் பல்கலைக்கழகத்துக்கும் அந்தக் குன்றுகளுக்கும் அதிக தூரமில்லை. அந்தப் பக்கத்துக் குகைகளில் வௌவால்கள் உண்டு. பொழுது சாய்ந்ததும் ஒன்றிரண்டாகத் தொடங்கி, பிறகு கூட்டமாகக் கொட்டும். இருட்டிவிட்டது, வருகின்றன என்று பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புவோம். ஆனால் குகையின் உள்மூலையில் நடுப்பகலிலும் இருட்டுதான். அங்கே தலைகீழாகத் தொங்கும் ஒன்றுக்கு வெளியே சூரியன் இறங்கியது எப்படித் தெரியும்?

இந்தக் கேள்வியை அந்தப் பல்கலைக்கழகத்திலேயே எடுத்துக்கொண்டார்கள். எம்.கே. சந்திரசேகரன், ஜி. மாரிமுத்து குழுவினரின் கட்டுரை 1981இல் வெளிவந்தது. இலைமூக்கு வௌவால் ஒன்றைக் கூண்டில் போட்டு, வெளிச்சமே வராத குகைக்குள் வைத்தார்கள். சுற்றிலும் அதன் இனத்தார் வழக்கம்போல மாலையில் போய் வந்துகொண்டிருந்தார்கள். கூண்டுக்குள் இருப்பதும் அவர்கள் கிளம்பும் நேரத்தில்தான் சிறகடிக்கத் தொடங்கியது, நாள் தவறாமல். அதே வகை வௌவாலை வேறு வௌவால்கள் இல்லாத குகையில் தனியே வைத்தார்கள். அங்கேயும் அது ஓய்ந்தது, விழித்தது, பறக்க எத்தனித்தது. ஒழுங்கு கெடவில்லை. ஆனால் அந்த ஒழுங்கு 24 மணி நேரத்தை விட்டு விலகி, வெளியே இருக்கும் நாளோடு சேராமல் தன்பாட்டில் ஓடியது.

இதைப் படித்தபோது வௌவாலைவிடச் சுவர்க்கடிகாரம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. 1665இல் ஹாலந்தில் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் காய்ச்சலோ என்னவோ படுக்கையில் கிடந்தார். எதிரே தொங்கிய இரண்டு ஊசல் கடிகாரங்களும் ஒன்று இடது போனால் மற்றது வலது என்று அச்சுப் பிசகாமல் ஆடுவதைக் கவனித்தார். கையால் கலைத்துவிட்டாலும் அரை மணிக்குள் பழைய ஆட்டத்துக்கே திரும்பின. முதலில் காற்றைச் சந்தேகித்தார். பிறகு இரண்டையும் பிரித்து அறையின் எதிரெதிர்ப் பக்கம் மாட்டினார். ஒத்திசைவு போயிற்று; நாளொன்றுக்கு 5 விநாடி வித்தியாசம் விழுந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவில் அசைந்த பொது உத்தரம்தான் தூது போய்க்கொண்டிருந்தது என்று கண்டுபிடித்தார். உயிர் ஒரு துளியும் இல்லாத பித்தளைக்கும் மரத்துக்கும் கூடப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது ஒரு நிலைமைதான். வெப்பம், வெளிச்சம், ஈரம் என்று ஆய்வுக்கூடத்தில் பட்டியல் போடும்போது இது பெரும்பாலும் விட்டுப்போகும்.

படுக்கையில் கிடப்பவர்களுக்கு இப்படி ஏதாவது தென்படும் போலிருக்கிறது. எனக்கு அம்மை போட்டபோது உள்ளறையில் வேப்பிலைப் படுக்கை. ஜன்னலில் வேட்டி கட்டியிருந்தது. “ஆத்தா வந்திருக்கா, வெளிச்சம் ஆகாதுப்பா” என்று அப்பத்தா வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். பால்காரரின் சைக்கிள் மணி, பக்கத்து வீட்டு ரேடியோ, எல்லாவற்றுக்கும் மேலே மில் சங்கு. சங்கு ஊதினால் ஷிப்ட் மாறுகிறது. தெருவில் சைக்கிள் சத்தம் நெருங்கி வந்து விலகும். மில் விடுமுறையன்று அந்த மத்தியானம் நகரவே இல்லை. பசி எடுத்ததா, எடுக்க வேண்டுமே என்று எடுத்ததா என்றும் புரியவில்லை.

நோயாளிகள் படுக்கையிலிருந்தே பகலா இரவா என்று உணர்ந்துகொள்வதைப் பற்றிப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் 1729இலேயே குறிப்பிட்டிருக்கிறார். டி மெய்ரான் வானியல்காரர். செடி அவருடைய துறையே அல்ல. பகலில் இலை விரித்து இரவில் மூடும் செடி ஒன்றை, தொட்டாற்சிணுங்கி வகை என்பார்கள், வெளிச்சம் புகாத இடத்தில் வைத்தார். இருட்டிலும் அது பகல் நேரத்தில் விரிந்தது, இரவில் மூடியது. அதை எழுதி வெளியிடக்கூட அவருக்கு அவ்வளவு அக்கறை இல்லை. நண்பர் ஒருவர்தான் பாரிஸ் அறிவியல் கழகத்தில் எடுத்துச் சொன்னார். வெளியிலிருந்து ஒன்றைப் பிடுங்கிவிட்டால் உள்ளே இருப்பது தெரியும் என்பதுதான் முறை. சுலபமாகத் தோன்றும். எதையெல்லாம் பிடுங்கினோம், எது மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதில்தான் பாடு எல்லாம்.

அந்தப் பாட்டை அனுபவித்தவர் எர்வின் பியூனிங். 1920களின் கடைசியில் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து ரோஸ் ஸ்டாப்பல் என்ற தாவரவியலாளர் ஒரு விசித்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். இருட்டறையில் வளரும் அவரை இலைகள் தினமும் ஒரே நேரத்தில், விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு, உச்ச நிலைக்குப் போகின்றன. வெளியிலிருந்து ஏதோ ஒன்று இருட்டையும் தாண்டி வந்து நேரம் சொல்கிறது. காற்றிலுள்ள மின்னேற்றமாக இருக்கலாம். பிராங்க்பர்ட்டில் பியூனிங்கும் கர்ட் ஸ்டெர்னும் அதையே செய்து பார்த்தார்கள். ஸ்டெர்னின் வீட்டு உருளைக்கிழங்கு நிலவறையில் செடிகளை வைத்தார்கள். அங்கேயும் தினமும் ஒரே நேரம்தான். ஆனால் அது முற்பகல்! வானத்து மின்சாரம் ஹாம்பர்க்குக்கு ஒரு மணியும் பிராங்க்பர்ட்டுக்கு ஒரு மணியும் சொல்லுமா?

விடை நிலவறைக்குள் இல்லை, அதன் படியில் இருந்தது. ஸ்டாப்பல் காலையில் போய்த் தண்ணீர் ஊற்றுவார். இவர்கள் மாலை நாலு மணிவாக்கில் போவார்கள். கண் தெரிய வேண்டுமே என்று இரு தரப்பும் மங்கிய சிவப்பு விளக்கைக் கையில் வைத்திருந்தார்கள். சிவப்பு வெளிச்சம் இலையசைவை ஒன்றும் செய்யாது என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. செய்தது. விளக்கு வந்துபோய்ப் பதினாறு மணி நேரம் கழித்து இலை உச்சத்துக்குப் போனது. சிவப்பு விளக்கையும் விட்டுவிட்டுத் தடவித் தடவித் தண்ணீர் ஊற்றினார்கள். அப்போது இலைகளின் நாள் 24 மணி நேரமாக இல்லை, 25.4 மணி நேரமாக நீண்டது. வானத்திலிருந்து வருவதாக நினைத்த தூதர் தண்ணீர்க் குவளையோடு படியிறங்கி வந்துகொண்டிருந்தவர்தான். அறிவியல் வரலாற்றில் இதைவிடச் சிரிப்பும் இதைவிட நேர்மையும் கலந்த கதை எனக்குத் தெரியாது.

பியூனிங் பிறகு டியூபிங்கனில் பேராசிரியரானார். அவரிடம் போய் வேலை செய்து திரும்பியவர்தான் நம் சந்திரசேகரன். நிலவறையிலிருந்து நாகமலைக்கு இப்படி ஒரு வழி இருக்கிறது. நிலவறையில் தடையாக நுழைந்த ஆள் நடமாட்டத்தையே, அதாவது பக்கத்தில் யாரோ வந்துபோவதையே, மதுரைக் குகையில் கேள்வியாக நிறுத்திவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும். அவர்கள் அப்படி நினைத்துச் செய்தார்களா என்பது வேறு.

வௌவாலோடு நிற்கவில்லை. பல்கலைக்கழகத்தில் மனிதர்களுக்கும் ஒரு தனியறை கட்டினார்கள்: கடிகாரம் இல்லை, வெளிச் சத்தம் இல்லை, சூரியன் இல்லை. இதற்கு முன்னோடி 1960களில் மியூனிக் பக்கத்து ஆண்டெக்ஸில் யூர்கன் ஆஷாஃப் அமைத்த நிலவறை. அங்கே தங்கியவர்களின் நாள் ஏறத்தாழ 25 மணி நேரம் என்று வந்தது. பாடப்புத்தகங்களிலும் அப்படியே ஏறிவிட்டது. உணவும் கடிதமும் நேரங்கெட்ட நேரத்தில்தான் உள்ளே போகும், மணி தெரிந்துவிடக் கூடாதே என்று. எல்லா ஓட்டையையும் அடைத்தார்கள். ஆனால் விளக்கின் சுவிட்ச் தங்கியவர் கையில் இருந்தது. தூக்கம் வரும்வரை விளக்கை எரியவிட்டார்கள். அந்த வெளிச்சமே உள்கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியது. 1999இல் ஹார்வர்டின் சார்லஸ் சைஸ்லர் குழு விளக்கை மங்க வைத்து, தூக்க நேரத்தையும் வேறு கணக்கில் சுழற்றிப் பார்த்தபோது கிடைத்தது 24 மணி 11 நிமிடம். சிவப்பு விளக்கின் கதைதான், இந்த முறை விளக்கைப் பிடித்தவர் சோதனைக்கு உள்ளேயே இருந்தார்.

மதுரை அறையில் தங்கிய ஒரு பெண்ணைப் பற்றி 1991இல் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். அவர் உறங்கி விழிக்கும் சுற்று நாளை விட்டு விலகியது. மாதவிடாய்ச் சுற்று அதன் பின்னால் போகவில்லை. ஓர் உடம்புக்குள்ளேயே ஒன்று இழுத்த இழுப்புக்கு இன்னொன்று வர மறுத்திருக்கிறது.

வௌவாலிலும் இப்படி ஒரு மறுப்பு உண்டு. இலைமூக்கு வௌவால்கள் நிறைந்த குகைக்குள் வேறு குடும்பத்து வௌவால் ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். அதே இருட்டு, அதே சிறகடிப்பு, அதே போக்குவரத்து. அது கண்டுகொள்ளவில்லை, அதன் நாள் தன்பாட்டில் நழுவிப் போனது. அக்கம்பக்கத்தின் சத்தமெல்லாம் அதற்குச் சத்தம் மட்டும்தான். இது 1983இல் வந்த கட்டுரை. இன்னது நடந்தது என்று மார்தட்டும் தலைப்புகளுக்கு நடுவே, இந்தக் கட்டுரையும் அந்தப் பெண்ணைப் பற்றிய கட்டுரையும் நடக்கவில்லை என்பதைத் தலைப்பிலேயே போட்டுவிட்டு உள்ளே போகின்றன. இரண்டையும் நான் ஒரே கோப்பில்தான் வைத்திருக்கிறேன்.