சன்னபட்டணாக் கடைசல்

விடுமுறைக்குப் பெங்களூர் வரும் சொந்தக்காரர்கள் ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் தவறாமல் கேட்பார்கள்: "இங்கேருந்து என்ன வாங்கிட்டுப் போகலாம்?" மைசூர் சாண்டல் சோப்பு, மைசூர்பாகு, காப்பித்தூள், கை கொஞ்சம் தாராளமாக இருந்தால் மைசூர்ப் பட்டு. பட்டியல் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். குழந்தை இருக்கிற வீடு என்றால் நான் சன்னபட்டணா மரப்பொம்மையைச் சொல்வேன். எம்.ஜி. ரோட்டில் அரசுக் கைவினைக் கடையான காவேரி எம்போரியத்திலேயே அது கிடைக்கும். ஆனால் ஒருநாள் ஒதுக்க முடிந்தால் மைசூர் சாலையில் 60 கிலோமீட்டர் போய், கடைசல் பிடிப்பதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்று வற்புறுத்துவேன்.

நான் போன பட்டறை ஒரு வீட்டின் முன்பகுதி. தரையெல்லாம் மரச்சுருள். ஜன்னல் ஓரமாக மோட்டார் பூட்டிய லேத். அதன் முன்னால் அறுபதைத் தாண்டிய பாய் ஒருவர். கன்னடமும் உருதுவும் கலந்து பேசினார், நான் தமிழ் என்று தெரிந்ததும் இடையிடையே தமிழும் வந்தது.

"என்ன மரம் பாய் இது?"

"ஆலெ மரம்மா. உங்க ஊர்லயும் இருக்கும்."

இருக்கிறது. நம் வெட்பாலைதான். இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கருநீலமாக மாறுமே, தோல் நோய்க்குத் தடவுவார்களே, அதே மரம். பட்டையைச் சீவினால் உள்ளே தந்தத்தின் வெளுப்பு. இழை நெருக்கமானது, உளி பட்டால் பிசிறு எழும்பாது. இரண்டு மூன்று மாதம் ஈரம் போகக் காய வேண்டும். "அவசரப்பட்டா அப்புறம் பொம்மை வெடிச்சிடும்" என்று சொல்லிக்கொண்டே ஒரு சாண் துண்டை எடுத்து லேத்தில் பொருத்தினார்.

மரம் சுழலத் தொடங்கியதும் உளியை வைத்தார். நாடா நாடாவாகச் சுருள் பறந்து அவர் முழங்கையில் விழுந்தது. அளவுகோல் எதுவும் இல்லை. கண்ணாலும் கட்டைவிரலாலுமே பார்த்துப் பார்த்து ஒரு கிலுகிலுப்பையின் தலையையும் கைப்பிடியையும் எடுத்துவிட்டார். உப்புத்தாள் பிடித்து வழவழப்பாக்கினார். அதன் பிறகு நடந்ததைத்தான் எல்லாரும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

தூரிகை கிடையாது, பெயின்ட் டப்பா கிடையாது. சிவப்பு அரக்குக் குச்சி ஒன்றை எடுத்து, சுழல்கிற மரத்தின் மேல் அழுத்தினார். உரசலில் பிறக்கும் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் ஏறியது. முதலில் திட்டுத்திட்டாக, ஒரு பக்கம் தடிப்பாக, ஒரு பக்கம் மரம் தெரிய. உடனே காய்ந்த தாழை ஓலைத் துண்டை மடித்து அதன் மேல் அழுத்திப் பிடித்து இடவலமாக நகர்த்தினார். திட்டெல்லாம் கரைந்து ஒரே சீராகப் பரவியது. இரண்டாம் முறை ஓலை போய்வந்தபோது ஜன்னல் வெளிச்சம் அதில் கோடாகத் தெரிந்தது. மஞ்சள் குச்சியின் ஓரத்தை மட்டும் தொட்டு ஒரு மெல்லிய வளையம் போட்டார். கடைசியில் ஒல்லியான உளியால் அடியை அறுக்க, பொம்மை அவர் உள்ளங்கையில் விழுந்தது. வாங்கிப் பார்த்தேன். இன்னும் சூடு இருந்தது.

அரக்கு ஒரு சிறு பூச்சி மரக்கிளைகளில் சுரந்து வைப்பது. நாட்டிலேயே ஜார்க்கண்டில்தான் அதிகம் விளைகிறது. உள்ளே அடுப்படியில் பாயின் வீட்டம்மா அதைக் கரி நெருப்பில் இளக்கி, நிறத்தைச் சேர்த்துப் பிசைந்து, இழுத்து இழுத்துக் குச்சியாக்கிக் கொண்டிருந்தார். கை பொறுக்காத சூடு. மஞ்சளுக்கு மஞ்சள்தூள், நீலத்துக்கு அவுரி என்று தாவர நிறம் சேர்ப்பது இங்கே பழக்கம்தான். எல்லாப் பட்டறையிலும் அப்படியென்று சொல்லிவிட முடியாது. கண்ணைப் பறிக்கும் ரோஜா நிறமும் பளீர்ப் பச்சையும் பெரும்பாலும் கடையில் வாங்கிய பொடி. வாயில் வைக்கிற குழந்தைக்கு என்று சொல்லிக் கேளுங்கள், செய்தவரே எடுத்துக் கொடுப்பார்.

இப்படிப் பார்த்தபின் கடையில் எதை எடுப்பது என்பது தானாக விளங்கும். சுழல்கிற பொருளில்தான் இந்த முறையில் அரக்கு ஏறும். ஆகவே அரக்குப் பொம்மை என்றால் உருண்டைதான்: பம்பரம், கிலுகிலுப்பை, அடுக்கு வளையம், கை வளையல், சதுரங்கக் காய். தட்டையான உடம்பு கொண்ட ரயிலும் லாரியும் இருந்தால், சக்கரம் அரக்காகவும் உடம்பு வேறு பூச்சாகவும் இருக்கும். அது தப்பில்லை, தெரிந்து வாங்கினால் சரி. பொம்மையைத் தலைகீழாகப் பிடித்து அடியைப் பாருங்கள். லேத்திலிருந்து அறுத்தெடுத்த இடத்தில் அரக்கு படாத வெள்ளை மரம் வட்டமாகத் தெரியும். நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அத்தை ஒரு சின்னக் குடத்தைத் தூக்கிப் பார்த்து, "இது நம்ம அம்பாசமுத்திரத்து செப்புச்சாமான்லா!" என்றாள். அவள் சொன்னது சரி. அங்கேயும் கடைசல், அங்கேயும் அரக்கு. சன்னபட்டணாவில் இந்தத் தொழிலைத் திப்பு சுல்தான் பாரசீகக் கைவினைஞர்களைக் கொண்டு தொடங்கிவைத்தார் என்று ஊரே சொல்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாவாஸ் மியான் என்பவர் ஜப்பானிய முறைகளைக் கொண்டுவந்து இதைப் பெருக்கினார். அவரைத் தொழிலின் தந்தை என்றே மதிக்கிறார்கள். 2005-06இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

குறியீடு இருந்தும் கடைத்தெருவில் கலப்பு நிற்கவில்லை. பஹாமாஸின் நாசாவ் நகரத்து ஓலைச் சந்தையில் கப்பல் பயணிகள் வாங்குகிறார்களே, அங்கே உள்ளூர்ப் பெண்கள் பின்னிய கூடைக்குப் பக்கத்திலேயே எங்கோ ஆலையில் செய்த பைகளும் தொங்குகின்றன. மைசூர் சாலைக் கடைகளிலும் அதே கதை. ஆலெ மரத்துக் குதிரைக்கு அருகில் பிளாஸ்டிக் துப்பாக்கி. ஊர்ப் பெயர் பலகையில் இருக்கிறது, சரக்கு எங்கிருந்தோ வருகிறது. வாங்குகிறவர் அவசரத்தில் இருக்கிறார்.

அந்த அவசரம் இப்போது இன்னும் கூடிவிட்டது. மார்ச் 2023இல் பெங்களூர்–மைசூர் விரைவுச்சாலை திறந்தபின், மைசூர் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடுகிறது. ராமநகரமும் சன்னபட்டணாவும் மத்தூரும் ஒதுங்கிப்போயின. பழைய சாலையில் டீ குடிக்க நிறுத்தி, பிள்ளை அழுததற்காக ஒரு பம்பரம் வாங்கியவர்களால்தான் பாதி வியாபாரம் நடந்தது. அவர்கள் இப்போது ஊருக்கு வெளியே மேம்பாலத்தில் பறக்கிறார்கள். பழைய சாலையில் பல கடைகளின் ஷட்டர் பகலிலேயே இறங்கிக் கிடந்ததைப் பார்த்து எனக்கு நெஞ்சு கனத்தது. சாலை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் திட்டம் போட்டபோதே இந்தக் கடைக்காரர்களுக்கு ஓர் இடம் யோசித்திருக்க வேண்டும்.

கடைக்காரர் நிலை இது என்றால் கடைசல்காரர் நிலை அதற்கும் கீழே. கூலி உருப்படிக் கணக்கு. பட்டறை வாசலில் மொத்த வியாபாரி எடுக்கும் விலைக்கும், பெங்களூர் மாலில் அதே பொம்மை தொங்கும் விலைக்கும் பலமடங்கு வித்தியாசம். பாயின் மகன்கள் இருவருமே லேத் பக்கம் வரவில்லை. ஒருவர் கார் ஓட்டுகிறார், இன்னொருவர் பிடதியில் கம்பெனி வேலை. தொழிலைப் பிடித்துக்கொண்டிருப்பது மருமகள்தான். பயிற்சி எடுத்தவர், அடுக்கு வளையங்களை அளவு மாறாமல் எடுக்கிறார். "பெரிய உளியை இன்னும் தொட விடல" என்று மாமனாரைக் காட்டிச் சிரித்தார்.

"நீங்க செஞ்சதுன்னு தெரியுற மாதிரி எதுவும் போடறதில்லையா?" என்று பாயிடம் கேட்டேன்.

"கடைக்காரங்க அவங்க ஸ்டிக்கர் ஒட்டிக்குவாங்கம்மா. நம்ம பேர் எதுக்கு?"

எனக்கு அந்தப் பதில் பொறுக்கவில்லை. புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்கிறது, உளி பிடித்த கையின் பெயரை அது சொல்வதில்லை. அடியில் அரக்கு படாத அந்த வட்டம் ஒரு சிறு முத்திரைக்குத் தாராளமாகப் போதும். சுட்ட கம்பியால் ஒரு எழுத்து, ஒரு எண், பட்டறை எங்கே என்று தேடிப் போக ஒரு வழி. காவேரி எம்போரியம் தான் வாங்கும் சரக்கில் இதைக் கட்டாயமாக்கினால் மற்றக் கடைகளும் பின்தொடரும். அன்று வாங்கிய கிலுகிலுப்பையின் அடியில் பாயிடமே பேனாவைக் கொடுத்துப் பெயரை எழுதி வாங்கிக்கொண்டேன். மருமகளும் தான் எடுத்த அடுக்கு வளையத்தில் எழுதித் தந்தார்.