ரம்லி வீட்டின் சுவரொட்டிகள்

செமினியில் இருந்துகொண்டு செத்தாப்பாக்கில் இருக்கும் ஒரு வீட்டைப் பார்க்க இத்தனை வருடம் ஆகியிருக்க வேண்டியதில்லை. காஜாங் வந்து எம்ஆர்டி, பாசார் செனியில் மாறி எல்ஆர்டி, கடைசியில் கிராப். தாமான் பி. ரம்லி, 22 ஜாலான் டெடாப். கோயிலுக்குப் போகிற மனதோடுதான் போனேன்.

மலாய்த் திரையிசையின் முடிசூடா மன்னன் பி. ரம்லி கடைசியாக வாழ்ந்த வீடு இது. 1929 மார்ச் 22இல் பினாங்கில் பிறந்தவர், 1973 மே 29இல் தமது 44ஆவது வயதில் மாரடைப்பால் மறைந்தார். அவருடைய பிறந்தநாளன்றே, 1986இல், வீடு நினைவில்லமாகத் திறக்கப்பட்டது. தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் இருக்கிறது. பாட்டு எத்தனை எழுதினார், படம் எத்தனை நடித்தார் என்பதில் புத்தகத்துக்குப் புத்தகம் கணக்கு மாறுகிறது. அந்தச் சண்டை ஆய்வாளர்களுக்கு. ஆனால் 1964இல் சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூர் வந்தபின் ரம்லியிடம் சரக்கு தீர்ந்துவிட்டது என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உலு கிளாங் மெர்டேக்கா ஸ்டூடியோவில், சிங்கப்பூர் வசதிகளில் பாதிகூட இல்லாத நிலையில், 18 படங்களை இயக்கினார். ஓய்ந்துபோன கலைஞன் செய்கிற வேலையா அது?

பியானோ முன்னால்தான் எல்லாரும் நின்று படம் எடுப்பார்கள். எனக்குப் பிடித்த இடம் பழைய சுவரொட்டிகள். அதுவும் 'பக்தி', 1950.

அதற்கு இரண்டு வருடம் முன்னால் 'சிந்தா' வந்தது. வட இந்தியாவிலிருந்து வந்த பி. எஸ். ராஜ்ஹன்ஸ் இயக்கிய படம். பாடகன் ரம்லியைப் பினாங்குப் பக்கத்தில் கண்டெடுத்தவரும் அவரே. அந்தப் படத்தில் ரம்லி வில்லன். கதாநாயகன் ரூமாய் நூர் வாயசைக்கிறார், பின்னால் பாடுவது ரம்லி. கதாநாயகியை மயக்கும் குரல் வில்லனுடையது! குரல் போதும், முகம் வேண்டாம் என்பதுதான் அன்றைய தீர்ப்பு. பரு நிறைந்த அந்த ஒல்லிப் பையனை முதன்முதலாக நாயகனாக நிறுத்திப் பார்க்கும் துணிச்சல் ஒருவருக்கு வந்தது. 'பக்தி' படத்தின் இயக்குநர் எல். கிருஷ்ணன். சென்னையில் பிறந்தவர், நம்மவர். குரலும் முகமும் ஒரே ஆளிடம் சேர்ந்த அந்த நாளிலிருந்துதான் நாம் அறிந்த பி. ரம்லி தொடங்குகிறார்.

இந்தப் படங்களை எடுத்த சிங்கப்பூர் ஸ்டூடியோவின் முதலாளிகள் ஷா சகோதரர்கள், சீனர்கள். நடிகர்கள் மலாய்க்காரர்கள். இயக்குநர்கள் பலர் இந்தியர்கள். பி. என். ராவ், எஸ். ராமநாதன், 'ஹங் துவா' எடுத்த பணி மஜும்தார் என்று வரிசை நீள்கிறது. பின்னணிப் பாட்டு என்ற வழக்கமே இந்தியப் படங்களின் கொடை. அந்த அச்சில் ஜோகெட், ரும்பா, கெரோஞ்சோங் எல்லாவற்றையும் வார்த்து எடுத்தது ரம்லியின் மேதைமை.

எரிச்சல் வருவது இங்கேதான். அந்தப் படங்கள் உருவான சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோ 1967இல் மூடப்பட்டது. அதன்பின் பல பத்தாண்டுகள் பூட்டிய கேட்டுக்குப் பின்னால் கேட்பாரற்றுக் கிடந்தது. ரம்லியே கையில் காசில்லாமல்தான் போய்ச் சேர்ந்தார். கோலாலம்பூரில் ஒரு சாலைக்கு அவர் பெயர் 1982இல், டான் ஸ்ரீ பட்டம் 1990இல். உயிரோடு இருந்தபோது வாய்ப்புத் தராமல், போனபின் பட்டம் தந்து என்ன பயன்? நம் பங்கும் குறைச்சலில்லை. சென்னை சினிமாவின் கிசுகிசு வரை தெரிந்த நமக்கு, 2013இல் மறைந்த டத்தோ கிருஷ்ணனைத் தெரியவில்லை.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கல்விச் சுற்றுலாவுக்குப் பேருந்து பிடிக்கும்போது பேரங்காடியை விட்டுவிட்டு இந்த வீட்டுக்குப் பிள்ளைகளை அழைத்து வாருங்கள். 'பக்தி' படத்தின் இயக்குநர் யார் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.