ஐயாவின் பழைய மட்டை

எமது வீட்டுப் பரணிலே, நான்கு திருகாணிகள் பூட்டிய மரச் சட்டத்துள் இறுக்கி வைக்கப்பட்ட பூப்பந்தாட்ட மட்டை ஒன்று நெடுங்காலமாகக் கிடந்தது. அது எமது ஐயாவுடையது. 1960களில், கிராமத்து வாசிகசாலை முற்றத்திலே, பெற்றோல்மாக்ஸ் விளக்கொளியில் அவர் விளையாடிய மட்டை. மரம் ஈரத்தால் வளையும் இயல்புடையது. ஆதலால் ஆட்டம் முடிந்ததும் மட்டையைச் சட்டத்துள் வைத்துப் பூட்டுவது அக்காலத்தார் வழக்கம்.

ஒரு காலத்தில் இரண்டு மட்டைகள் இருந்தன. மற்றையதை முறித்தவர் நாமே. நரம்பு எவ்வளவுக்கு இறுகுகின்றதோ அவ்வளவுக்கு அடி பலக்கும் என்று மாணவப் பருவத்தில் எண்ணினோம். நரம்பு கட்டுபவரிடம், "இன்னும் இறுக்குங்கள்" என்று வற்புறுத்தி வாங்கி வந்தோம். இரண்டாம் நாள் இரவு, யாரும் தொடாமலே, மேசைமீது கிடந்த மட்டை 'படார்' என்று பிளந்தது. ஐயா ஏசவில்லை. பிளந்ததை எடுத்துப் பார்த்தார். எஞ்சியதைப் பரணில் ஏற்றிவிட்டார். ஏசியிருந்தால் அன்றோடு மறந்திருப்போம்.

நிற்க. சென்ற மாதம் எமது மகனின் மட்டை முறிந்தது. புதியது வாங்க மாதமுடிவுவரை பொறுத்தல் வேண்டும். "அப்பப்பாவின் மட்டைக்கு நரம்பு கட்டித் தாருங்கள் அப்பா, 24 இறாத்தல்" என்றான் அவன். நாம் ஐயாவின் முகத்தைப் பார்த்தோம். "கொண்டுபோ தம்பி" என்றார் அவர். எமக்கு நெஞ்சு திக்கென்றது.

பட்டினத்தில் நரம்பு கட்டுபவர் மட்டையைக் கண்ணுக்கு நேரே பிடித்து, வளைவு உண்டோ என்று பார்த்தார். நகத்தால் தடவி வெடிப்பைத் தேடினார். இக்கால மட்டைகளின் துளைகளில் சிறு பிளாஸ்ரிக் குழல்கள் உள்ளன. பழைய மரத்திலோ நரம்பு மரத்திலேயே உராய்ந்து நிற்கும். எனவே 0.65 மில்லிமீற்றர் மெல்லிய நரம்பு நன்கு துள்ளுமாயினும், மரத்தை அறுக்கும், தானும் விரைவில் அறும் என்றார். 0.70 மில்லிமீற்றர் நைலோன் நரம்பையே தெரிந்தார். முற்காலத்துக் குடல் நரம்பைப் போல அது ஈரத்துக்கு அஞ்சுவதில்லை.

"15 இறாத்தலுக்கு மேல் கட்டமாட்டேன்" என்றதும் மகனின் முகம் வாடியது. அவர் சிரித்தார். "தம்பி, நெடுக்கில் மட்டும் இருபதுக்கு மேற்பட்ட நரம்புகள். ஒவ்வொன்றும் 24 இறாத்தல் இழுத்தால் எவ்வளவு?" "480" என்றான் மகன். "அதற்கும் மேலே. அவ்வளவையும் இந்த மெல்லிய மரம் இராப்பகலாகத் தாங்க வேண்டும். காபன் மட்டை தாங்கும், இது தாங்காது."

மேலும் அவர் கூறியது எமக்குப் புதிதாயிருந்தது. தளர்ந்த நரம்பே பந்தைத் துள்ளி எறியும். இறுகிய நரம்பு திசையைத் திருத்தமாகத் தருமேயன்றி, வலுவைத் தானாகத் தராது. வலு கையிலிருந்து வரல் வேண்டும். அன்று நாம் எண்ணியது முற்றிலும் தலைகீழானது!

அன்று மாலை ஐயா மட்டையை வாங்கி, நரம்பை உள்ளங்கையில் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். "சரி" என்றார். இன்றைய மட்டைகள் பல 80 முதல் 90 கிராம்வரையே நிறையுள்ளவை. பழைய மரமோ 100 கிராமைத் தாண்டும். மகனின் கை தடுமாறியது. பந்து வேலிக்கு அப்பாற் போயிற்று. "விசுக்காதே மோனை, மட்டை தன்பாட்டில் அடிக்கும்" என்று நாற்காலியிலிருந்தே ஐயா சொல்லிக் கொடுத்தார். இருட்டும்வரை ஆட்டம் நடந்தது.

பழைய மட்டை வைத்திருக்கும் மாணவர்களுக்கு நாம் சொல்வது இதுவே: நண்பனின் மட்டையில் உள்ள இறுக்கத்தை நும் மட்டைக்குக் கேளாதீர், உம்மிடமுள்ள மரத்தைக் கேளுங்கள்.

இரவு மகன் தானாகவே மட்டையைச் சட்டத்துள் வைத்து, நான்கு திருகாணிகளையும் பூட்டினான். ஐயா எம்மைப் பார்த்து, "மற்றதும் இருந்திருந்தால் நீயும் கூட விளையாடியிருக்கலாம், தம்பி" என்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் அதைப்பற்றிச் சொன்ன முதற் சொல் அதுவாகும்.

"ஓம் ஐயா" என்றோம்.