"அக்கா, விடுவிச்சுக்கோ பார்ப்போம்!" - தம்பியின் பிடியில் தோற்றுப்போன என் தற்காப்பு வீடியோ

அந்த வீடியோ மொத்தம் 58 விநாடி. 'யாராவது கையைப் பிடிச்சா பதற்றம் வேண்டாம்... இதை மட்டும் செய்யுங்க!' என்பது தலைப்பு. மகளிர் தினத்துக்காக எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் நான் எழுதி, நானே நடித்தது. சக ஊழியர் ஒருவர் என் மணிக்கட்டைப் பிடிப்பார். அவருடைய கட்டைவிரல் இருக்கும் பக்கமாகக் கையைத் திருப்பி, வெடுக்கென்று இழுப்பேன். கை விடுபடும். கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு. அந்த வாரம் எங்கள் பக்கத்தில் அதிகம் பேர் பார்த்த வீடியோ அதுதான். எடிட்டர் கூப்பிட்டுப் பாராட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தட்டில் தோசையோடு உட்கார்ந்திருந்த தம்பி அதைப் பார்த்தான். இரண்டாவது தடவையும் பார்த்தான். அவன் கல்லூரி கபடி அணியில் இருக்கிறான்.

"அக்கா, என் கையில இருந்து விடுவிச்சுக்கோ பார்ப்போம்."

பிடித்தான். கட்டைவிரல் பக்கம் திருப்பி இழுத்தேன். என் கை போன திசையிலேயே அவனும் ஓரடி வந்தான். பிடி அப்படியே இருந்தது. மறுபடி இழுத்தேன். இன்னொரு கையையும் போட்டுப் பிடித்துக்கொண்டான். மூன்றாவது முறை நான் இழுப்பதற்கு முன்பே அவன் ஒரு சுண்டு சுண்டினான். நேராக ஃபிரிட்ஜில் போய் மோதினேன். "ஃபிரிட்ஜுக்கு இன்னும் நாலு மாச டியூ இருக்குடி!" என்று அம்மா சமையலறையிலிருந்து கத்தினார்.

"நீ ஏமாத்தற. ஒழுங்கா பிடி" என்றேன்.

"ஒழுங்கா பிடிக்கிறவனா பார்த்து உன் கையைப் பிடிப்பானா?" என்று கேட்டுவிட்டு, மிச்ச தோசையைச் சாப்பிடப் போய்விட்டான்.

அவனிடம் தோற்றது பெரிதில்லை. அவன் என்னைவிட 20 கிலோ கூடுதல். எனக்கு உறுத்தியது வேறு. முந்தின நாள்தான் ஒரு வாசகி மெசேஜ் அனுப்பியிருந்தார். 'என் பொண்ணு ஜூன்ல ஹாஸ்டலுக்குப் போறா. முதல் தடவையா வெளியூர். இதைப் பழகிட்டா போதுமா மேடம்?' என்று கேட்டிருந்தார். நான் யோசிக்கவே இல்லை. 'கண்டிப்பா போதும்மா, தினமும் பழகச் சொல்லுங்க' என்று பதில் போட்டிருந்தேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் கராத்தேயில் பிரவுன் பெல்ட். '7ஆம் அறிவு' படம் வந்த 2011-ல் நான் பள்ளி மாணவி. படம் பார்த்த சூட்டோடு எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகள் கராத்தே வகுப்பில் சேர்ந்தோம். போதிதர்மர் காஞ்சிபுரத்திலிருந்து சீனா போய் குங்ஃபூவைக் கற்றுக்கொடுத்தார் என்பதை வாய்ப்பாடு மாதிரி எல்லோரும் ஒப்பிப்போம். வேலைக்கு வந்த பிறகு நானே அதை ஒரு கட்டுரையாகவும் எழுதினேன். அப்போதும் சரிபார்க்கவில்லை. போதிதர்மர் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய சீனக் குறிப்பு 547-ம் ஆண்டைச் சேர்ந்தது. அது அவரைப் பாரசீகத்துக்காரர் என்கிறது. கொஞ்சம் பிந்தைய இன்னொரு குறிப்பு தென்னிந்தியர் என்கிறது. இரண்டிலுமே சண்டைக் கலை பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவரை ஷாவோலின் பயிற்சிகளோடு முடிச்சுப்போடும் 'யீஜின் ஜிங்' நூல், அவர் காலத்துக்கு ஆயிரம் வருஷம் தள்ளி, 17-ம் நூற்றாண்டில் வந்தது. பெருமையாக இருக்கிறது என்பதாலேயே ஒரு விஷயத்தை நம்பிவிடுகிற பழக்கம் எனக்கு அப்போதே இருந்திருக்கிறது.

கராத்தே வகுப்பில் நாங்கள் ஜோடியாகச் செய்த பயிற்சியைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். எதிரில் இருப்பவள் ஓரடி முன்னால் வந்து ஒரே ஒரு குத்து விடுவாள். விட்ட கையைப் பின்னால் இழுக்காமல் அப்படியே நீட்டிக்கொண்டு நிற்பாள். நான் தடுத்து, திருப்பிக் குத்தி, காலைத் தட்டுவேன். அவள் சிலை மாதிரி நிற்பாள். பிறகு அவள் முறை. நான் சிலை. வருடா வருடம் பெல்ட்டின் நிறம் மாறியது, சிலை மட்டும் மாறவில்லை. கராத்தேயைக் குறை சொல்லவில்லை. அடி, உதை இரண்டையும் நிஜமாகவே மோதிப் பழகும் பள்ளிகளும் உண்டு. அந்த ஜோடிப் பயிற்சியும் ஆரம்பப் பாடமாகத் தேவையானதுதான். எங்கள் வகுப்பு அந்த ஆரம்பத்திலேயே நின்றுவிட்டது. கேட்கவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. மாஸ்டரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்திருந்தேன்.

மார்ச் கடைசியில் ஒரு ஜூடோ வகுப்பில் சேர்ந்தேன். வெள்ளை பெல்ட். முதல் நாள் பெயர் எழுதும்போது, "ஏற்கெனவே ஏதாவது கத்திருக்கியாம்மா?" என்று மாஸ்டர் கேட்டார். பிரவுன் பெல்ட் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. ஃபிரிட்ஜ் ஞாபகம் வந்தது. "இல்ல மாஸ்டர்" என்று சொல்லிவிட்டேன். அதுவும் பொய்தான் என்று இப்போது தோன்றுகிறது. 'கொஞ்சம் தெரியும், எது உதவும்னு தெரியாது' என்பதுதான் சரியான பதில்.

முதல் இரண்டு வாரம் விழ மட்டுமே கற்றுக்கொடுத்தார்கள். முன்னால், பின்னால், பக்கவாட்டில் விழ வேண்டும். தாடையை நெஞ்சோடு ஒட்டி, கையால் பாயை ஓங்கி அறைந்தபடி விழ வேண்டும். மூன்றாவது வாரத்திலிருந்து ரந்தோரி. அதாவது, இருவரும் ஒருவரை ஒருவர் நிஜமாகவே வீழ்த்த முயல்வது. யாரும் சிலையாக நிற்க மாட்டார்கள். பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண் ஐந்து நிமிஷத்தில் என்னை எட்டு முறை வீழ்த்தினாள். ஒவ்வொரு தடவையும் "சாரிக்கா" என்றாள். நான் எண்ணுவதை விட்ட பிறகும் அவள் சாரி சொல்வதை விடவில்லை.

ஜூடோவை உருவாக்கியவர் ஜிகோரோ கானோ. ஒல்லியான, குள்ளமான ஆசிரியர். 1882-ல் டோக்கியோவில் ஒரு புத்தர் கோயிலில் 12 பாய் விரித்த அறையில், ஒன்பது மாணவர்களோடு ஜூடோ பள்ளியைத் தொடங்கியவர். அவர் மாணவராக இருந்த காலத்தில், கூடப் படித்த ஒரு கனத்த ஆளை அவரால் வீழ்த்தவே முடியவில்லை. 'என் கலையில் இல்லாதது எதுவும் இல்லை' என்று அவர் இருந்துவிடவில்லை. சுமோ உத்திகளை விசாரித்தார். நூலகத்துக்குப் போய் மேல்நாட்டு மல்யுத்தப் புத்தகங்களைப் புரட்டினார். ஆளைத் தோளுக்குக் குறுக்கே தூக்கிப் போடும் ஒரு வீச்சைக் கண்டுபிடித்து, அதே ஆளிடம் முயன்று வீழ்த்தினார். 'கடா குருமா' என்ற பெயரில் அது இன்றும் ஜூடோவில் இருக்கிறது.

கானோ செய்த இன்னொரு வேலைதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. பழைய ஜுஜுத்ஸுவில் இருந்த ஆபத்தான அடிகளையும் மூட்டு முறிப்புகளையும் ரந்தோரியிலிருந்து விலக்கிவிட்டார். கேட்டால் கலையை மழுங்கடித்துவிட்ட மாதிரி இருக்கும். ஆனால், கண்ணைக் குத்துவதை முழு வேகத்தில் தோழியிடம் பழக முடியாது. தினமும் நடித்துத்தான் பார்க்க முடியும். ஆபத்து குறைந்த வீச்சை முழு பலத்தோடு, முழு பலத்தோடு எதிர்க்கிற ஒருவரிடம் ஆயிரம் முறை பழகலாம். அது வருமா வராதா என்பது உடம்புக்கே தெரிந்துவிடும். என் 58 விநாடி வீடியோவில் இல்லாதது இந்த எதிர்ப்பு ஒன்றுதான். கட்டைவிரல் பக்கம் பிடி பலவீனம் என்பது உண்மை. அந்தப் பக்கம் தடுக்க ஒரு விரல்தானே இருக்கிறது? ஆனால், பிடித்தவன் அசையாமல் நிற்பான் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

இதை எழுதும்போதே ஜூடோவுக்கு விளம்பரம் மாதிரி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஜூடோவில் மெத்து விரித்திருக்கிறது, நடுவர் இருக்கிறார், கையால் தட்டினால் விட்டுவிடுவார்கள். சாலையில் இது எதுவும் கிடையாது. "கத்தி வெச்சிருந்தா என்ன பண்றது மாஸ்டர்?" என்று ஒருநாள் கேட்டேன். ஏதோ உத்தி சொல்வார் என்று பேனாவோடு நின்றேன். "ஓடும்மா. செயினைக் கேட்டா கழட்டிக் குடு" என்றார். கறுப்பு பெல்ட் வாங்கி 20 வருஷத்துக்கு மேல் ஆனவர்.

அப்படியானால், அந்த அம்மாவின் மகளுக்கு எதுதான் உதவும்? ரிப்போர்ட்டராக நான் முதலிலேயே தேடியிருக்க வேண்டிய பதிலை அதன் பிறகுதான் தேடினேன். கனடாவில் சார்லின் சென் என்ற உளவியலாளரின் குழு, மூன்று பல்கலைக்கழகங்களில் 893 முதலாமாண்டு மாணவிகளிடம் ஓர் ஆய்வு நடத்தியது. ஒரு பிரிவினருக்கு 12 மணி நேரப் பயிற்சி. இன்னொரு பிரிவினருக்குத் துண்டுப் பிரசுரங்கள் மட்டும். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, பாலியல் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் பிரசுரம் பெற்ற பிரிவில் 9.8 சதவிகிதம், பயிற்சி பெற்ற பிரிவில் 5.2 சதவிகிதம். 2015-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியானது. அந்த 12 மணி நேரத்தில் அடி, உதைக்கு ஒதுக்கியது ஒரு பகுதிதான். மற்ற நேரமெல்லாம், தெரிந்தவனிடம் ஆபத்தை எப்படிக் கண்டுகொள்வது, 'தப்பா நினைச்சுக்குவானோ' என்ற தயக்கத்தை எப்படித் தாண்டுவது என்பது பற்றி. கனடாவின் எண்ணை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த முடியாதுதான். ஆனால், நம் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளும், பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவரே என்றுதான் வருடா வருடம் சொல்கின்றன. என் வீடியோவில் கையைப் பிடிப்பவன் முகமூடி போட்டிருந்தான். அது என் யோசனைதான்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. கல்லூரி இரண்டாம் வருடம். டவுன் பஸ்ஸில் கூட்டம். பின்னாலிருந்து ஒரு கை. நான் அப்போதும் பிரவுன் பெல்ட்தான். திரும்பவில்லை, கத்தவில்லை, முழங்கையை ஓங்கவில்லை. மூன்று ஸ்டாப்பிங் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறங்கவேண்டிய இடத்துக்கு முன்பே இறங்கி நடந்தேன். ஐந்து வருடம் கராத்தே படித்தவள் இப்படி நின்றாள் என்று சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அந்த வருடத்தோடு வகுப்புக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். வீட்டில் படிப்புச் சுமை என்று சொன்னேன்.

பயத்தில் உறைந்துபோவது உடம்பின் இயல்பு, அது கோழைத்தனமும் இல்லை, சம்மதமும் இல்லை என்று எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் சொன்னதில்லை. ஒரு கை நிஜமாகவே என் சட்டைக் காலரைப் பிடித்து இழுக்கும்போது என் மூச்சு என்ன ஆகிறது என்பதை இந்த 26 வயதில்தான் பார்க்கிறேன். முதல் மாதம் அப்படியே நின்றுபோயிருக்கிறேன். மாஸ்டர் திட்டவில்லை. "மூச்சு விடு, ஒரு அடி நகரு, அது போதும்" என்பார். இப்போது ஒரு அடி நகர்கிறேன். அடுத்த முறை பஸ்ஸில் கத்துவேனா? தெரியாது. பழகியிருக்கிறேன் என்பது மட்டும் தெரியும்.

வீடியோவை நீக்கலாமா என்று எடிட்டரிடம் கேட்டேன். நல்லா ஓடுகிற வீடியோவை எதற்கு என்றார். அவரையே என் மணிக்கட்டைப் பிடிக்கச் சொன்னேன், விடாமல். அரை நிமிஷம் இழுத்துப் பார்த்தேன். "சரி, வேற எடு" என்றார். புதிய வீடியோவில் தம்பிதான் பிடிக்கிறான். பத்தில் மூன்று முறைதான் நான் விடுபடுகிறேன். அதுவும் இழுப்பதற்கு முன்பு சத்தமாகக் கத்தி, அவன் கவனம் சிதறும்போதுதான். விழும் ஏழு முறையையும் எடிட்டிங்கில் வெட்டவில்லை. விடுபட்டதும் கேமராவைப் பார்த்துச் சிரிக்காமல் ஓடுகிறேன். கடைசியில் 112, 181 இரண்டு எண்களும் வருகின்றன. பழையதைப் பார்த்தவர்களில் பாதிப் பேர்கூட இதைப் பார்க்கவில்லை.

அந்த அம்மாவுக்குத் தனியாக எழுதினேன். நான் சொன்னது தவறு, அது மட்டும் போதாது, என் தம்பியிடமே அது பலிக்கவில்லை என்று ஆரம்பித்து, தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்து எழுதினேன். உங்கள் மகள் எப்போது போன் பண்ணி எதைச் சொன்னாலும், 'நீ ஏன் அங்க போன?' என்று முதலில் கேட்காதீர்கள் என்றும் எழுதினேன். கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான், தெரிந்தேதான் எழுதினேன்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. 'ரொம்ப நன்றிம்மா. ஆனா அவ அந்தப் பழைய வீடியோவை ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்ல அன்னிக்கே போட்டுட்டாளாம். 140 பிள்ளைங்க இருக்காங்களாம்.'

இந்தக் கட்டுரையின் லிங்க்கை முதலில் அனுப்பப்போவது அவருக்குத்தான்.